சேகருக்குச் சளி பிடிக்கக் கூடாது

நவம்பர் 5, புதன்

காலை பதினேழு டிகிரி. பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. பீரோவிலிருந்து ஸ்வெட்டர்கள் வெளியே வந்துவிட்டன. மூக்குகளும் வேலையைத் தொடங்கிவிட்டன.

இந்த டைரி ஜனவரியில் ஒரு மருந்து கம்பெனி ரெப் கொடுத்தது. பத்து மாதம் காலியாகக் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு வரி: 'இன்று உங்கள் எதிர்ப்புச் சக்தியைக் கவனித்தீர்களா?' கவனிக்கவில்லை. வாயால் சொன்னால் வீட்டில் சண்டை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் ரயில்வே டிஸ்பென்சரியில் பணிமனை ஆட்கள் வாசல் தாண்டி வரிசை. கேட்டவை:

வைட்டமின் சி, ஆரஞ்சு ருசியில் மட்டும்.
ஜிங்க். எதற்கு என்றேன். தெரியாது, மச்சான் சாப்பிடுகிறாராம்.
ஆன்டிபயாடிக், 'ரெண்டே ரெண்டு, முன்ஜாக்கிரதைக்கு'.
நீராவி பிடிக்கும் மெஷின் ரயில்வேயில் கொடுப்பார்களா.
ஒருவர் போனில் வீடியோ காட்டினார். வெங்காயத்தை வட்டமாக நறுக்கிச் சாக்ஸுக்குள் வைத்துத் தூங்கினால் சளி அண்டாது. அட்டெண்டர் யாதகிரி கொஞ்சமும் சிரிக்காமல் தெலுங்கில் கேட்டார்: "மேடம், வெங்காயம் நம்ம ஸ்டாக்ல இருக்கா, இல்ல இண்டென்ட் போட்டு வரவழைக்கணுமா?"

இருபத்தொன்பது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சளி தானாக வருகிறது, தானாகப் போகிறது. நடுவில் வந்து நின்று 'நான்தான் விரட்டினேன்' என்று சொல்லிக்கொள்ள ஆயிரம் புட்டி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றால் முகம் சுருங்குகிறது. சோப்பு கசக்கவில்லை, காரமில்லை, யாரும் பார்சலில் அனுப்புவதில்லை. எப்படி நம்புவார்கள்.

வீட்டுக் கேஸ் ஷீட்:
பெயர் சேகர். வயது 61. என் கணவர். காஞ்சன்பாக் பக்கம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு. BP பத்து வருடமாக. மாத்திரை காலையில் ஒன்று, அதில் சிறுநீர் போக்கும் மருந்தும் சேர்த்தி. போன வாரம் 132/84. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூக்கு ஒழுகும். இந்த வருடம் புதிய நோய்: சளி பிடித்துவிடுமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் பேரன். மகள் நித்யாவுக்குப் போன மாதம் முப்பத்திரண்டு வாரத்திலேயே பிறந்துவிட்டான். ஒன்றரைக் கிலோ. இன்னும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள். முதல் நாள் பார்க்கப் போனபோது அந்த வார்டு வாசலில் இவர் தும்மினார். ஒரே ஒரு தும்மல். நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டாள். காரிடாரில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு உள்ளே விடவே இல்லை.

பாலில் மஞ்சள் போட்டுத் தா என்றார் இன்று. போட்டுக் கொடுத்தேன். 'மஞ்சள் காமாலை வந்தாலும் கலர் தெரியாது' என்றேன். குடித்தார்.

நவம்பர் 7, வெள்ளி

துணி காய வைக்க மொட்டை மாடிக்குப் போனால் இடமில்லை. கால் வைக்கும் இடமெல்லாம் இஞ்சி. மூன்றாம் மாடி வசந்தா. பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத். போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து இஞ்சி மூட்டையாக வருகிறது, சுக்காகிறது, பொடியாகிறது, பாட்டிலில் ஏறுகிறது. லேபிளில் ஒரு கேடயம், கேடயத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம். எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் காலை 'இன்றைய கஷாயம்'.

சாயந்திரம் லிப்டில் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, ஒரு டவுட். BP இருக்கறவங்க நம்ம பொடிய குடிக்கலாமா?"

"குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது வசந்தா. குடிக்கலன்னாலும் ஒண்ணும் ஆகாது."

கூட இருந்த ஐந்தாம் மாடி ஆள் சிரித்துவிட்டார். வசந்தா சிரிக்கவில்லை. "இல்லக்கா, அதுல என்னென்ன போடறேன்னா, சுக்கு, மிளகு, திப்பிலி..." என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டாம் மாடி வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

நல்ல பதில். நாளை டிஸ்பென்சரியில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 8, சனி

சொன்னேன். டாக்டரே சிரித்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

வெயில் இதம். போவன்பள்ளி, நித்யா வீடு. குழந்தை போன ஞாயிறு வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டு கிலோ நூறு. கொட்டாவி விடும்போது முகம் முழுக்க வாய்.

நான் மட்டும் போனேன். மாஸ்க், கை கழுவல், உடை மாற்றல். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த விதிகள், இப்போது நித்யா எனக்கே போடுகிறாள். சரிதான்.

தொட்டில் கம்பியில் ஒரு துணி முடிச்சு. ஓமம், பூண்டு, கற்பூரம். மாப்பிள்ளை கிரணின் அம்மா கட்டியது. அந்த நெடியில் எனக்கே மூச்சு முட்டுகிறது. அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். சம்பந்தி அம்மா அடுப்படிக்குப் போனார்கள். காபி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

நித்யா கேட்டது: "அம்மா, அப்பாக்கு ஜலுபு உந்தா?"

நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பதில் எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. ஜலுபு என்றால் சளி. இப்போதைக்கு இல்லை என்றேன்.

"டிசம்பர் 21-க்குள்ள செக்கப் முடிஞ்சிருக்கும். அன்னிக்குக் கூட்டிட்டு வா. But one sneeze, நக்கோ, வரவே வேணாம். சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். காலண்டரில் அந்த ஞாயிறைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். ஓய்வு பெற்ற நாளைக்குக்கூட இவர் வட்டம் போடவில்லை.

டிசம்பர் 3, புதன்

பதின்மூன்று டிகிரி. கீசர் ரிப்பேர்.

பால்கனியில் செய்தித்தாள் எடுக்க இவர் கிளம்பும் கோலம்: மாஸ்க், அதன் மேல் மப்ளர், குரங்குக் குல்லா, கையில் சானிடைசர். நாலடி தூரம். எதிர் பிளாக் நாய் குரைத்தது.

வாயில் ஏதோ மூலிகை வாடை. என்ன என்றேன். இருமல் மிட்டாய் என்றார். இருமலே இல்லையே என்றேன். வராமல் இருக்க என்றார். விவாதத்துக்கு லாயக்கில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முழுக்க மூக்கு ஒழுகவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே போகாமல் வீட்டிலேயே கிடந்தால் யாருக்கும் ஒழுகாது. அவருக்கோ பெரிய வெற்றி. "பாத்தியா, இந்த வருஷம் ஒண்ணுமே வரல" என்கிறார். எதனால் வரவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார்.

டிசம்பர் 8, திங்கள்

பணிமனையின் பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர். மூன்று வாரமாகத் தினமும் நாலு வைட்டமின் சி மாத்திரை, தானாகவே. இப்போது வயிறு கலக்கி ஓடுகிறது. நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினால் சளி பிடிக்குமே என்றார். கழிப்பறையில் உட்கார்ந்திருப்பவரை யார் வந்து தும்மிச் சளியை ஒட்டவைக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டிசம்பர் 10, புதன்

காலையில் இவருக்கு BP பார்த்தேன். 164/98. மறுபடி பார்த்தேன். 162/98. மிஷினில் பேட்டரி மாற்றிப் பார்த்தேன். அதேதான்.

"ஊறுகா சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"அப்பளம்?"

"நீ குடுத்தாத்தானே."

நம்பவில்லை. பரண் வரை தேடினேன். ஒரு பாட்டில் ஆவக்காய் கிடைத்தது. திறக்காதது. இருந்தாலும் எடுத்து வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சாக்ஸ் கழற்றினால் கணுக்காலில் பள்ளம். உப்பு எங்கிருந்தோ உள்ளே போகிறது. திருட்டுத்தனம். அறுபத்தொரு வயது.

மதியம் டிஸ்பென்சரியில் கூட்டமில்லை. செய்தித்தாள் எடுக்கும் கோலத்தை நடித்துக் காட்டினேன். மப்ளருக்குப் பதில் பேண்டேஜ் துணி. யாதகிரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாலடிக்கு இவ்ளோன்னா, போவன்பள்ளி போக என்ன போடுவாரு, ஹெல்மெட்டா" என்று நான் சொன்னபோதுதான் யாதகிரி சிரிப்பை நிறுத்தினார். என் பின்னால் பார்த்தார்.

இவர். வாசலில். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் தெரியாது. கையில் என் மூக்குக் கண்ணாடி. கவுண்டரில் வைத்தார்.

"வெச்சிட்டு வந்துட்ட" என்றார். போய்விட்டார்.

லாலாகுடாவில் இருக்கும் டிஸ்பென்சரி வரை இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சாயந்திரம் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நானும்.

டிசம்பர் 13, சனி

கரண்ட் இல்லை, லிப்ட் ஓடவில்லை. கீழே போய் வந்த இவர் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கால்ல பலமே இல்ல பத்மா. ஆடுசதை இழுக்குது."

"டிவி முன்னாடி உக்காந்திருந்தா கால் எதுக்குப் பலமா இருக்கும். நடங்க."

கால்சியம் மாத்திரை கேட்டார். கிடையாது என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தார். நான் முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்து வைத்தேன். வர நாலு நிமிடம்.

பார்லே பிஸ்கட், கீசர் ஆள், சோப்பு, நித்யாவுக்கு நைட்டி: வாங்க.

டிசம்பர் 16, செவ்வாய்

டம்ளரைத் தூக்கக் கை நடுங்குகிறது. இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். ஞாயிறு நெருங்குகிறது, பரீட்சைப் பயம் என்றேன். டாக்டரிடம் போகலாமா என்று நானே கேட்டேன். "சண்டே முடியட்டும். டாக்டர் ரூம்ல பத்து பேர் இருமிட்டு இருப்பான்" என்றார். இதில் மட்டும் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டேன்.

டிசம்பர் 17, புதன்

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு பத்து. நான் வேலைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து குரல். சத்தமாக இல்லை. "பத்மா, எழுந்திருக்க முடியல."

தாழ்ப்பாள் போடவில்லை, நல்லவேளை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் அவருடையது இல்லை போல. தூக்கினேன், முடியவில்லை. வாட்ச்மேன், ஐந்தாம் மாடி ஆள், இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கி லிப்டில் ஏற்றினார்கள். வசந்தா படியில் நின்றாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. ஏன் இப்படி நிற்கிறாள் என்று மட்டும் தோன்றியது.

பக்கத்து ஆஸ்பத்திரி. பக்கவாதமாக இருக்குமோ என்றுதான் வழியெல்லாம் பயம். முகத்தில் கோணல் இல்லை, பேச்சு சரி. ECG எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், நித்யா வயது. பேப்பரைப் பார்த்த உடனே மானிட்டர் மாட்டச் சொன்னாள். ரத்தம் எடுத்து லேபுக்குப் போனது. முக்கால் மணியில் ரிசல்ட். பொட்டாசியம் 2.3.

மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. இந்த அளவில் இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பும். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் கேட்டாள்: "வாந்தி, பேதி? ஏதாவது ஹெர்பல், கஷாயம், பொடி மாதிரி எடுத்தாரா?"

நான்தான் பதில் சொன்னேன். "எங்க வீட்டுல அந்த மாதிரி எதுவும் கிடையாது டாக்டர். நான் பார்மசிஸ்ட்."

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டாக்டரிடம் இந்தியில், மெதுவாக: "இவங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டும்."

முப்பத்துமூன்று வருடம். பிரசவ அறைக்கு வெளியே அவர் நின்றிருக்கிறார், அவர் ஆபரேஷனுக்கு வெளியே நான் நின்றிருக்கிறேன். ஒருவர் சொல்லி ஒருவர் வெளியே போனதில்லை. போனேன். பச்சைத் திரை. நர்ஸ் ஒரு நாற்காலியைக் காட்டினாள். உட்காரவில்லை.

ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், என் மானம் போகாதிருக்க. நாற்பது நாளாக ஒரு கஷாயப் பொடி. முதலில் ஒரு டம்ளர், பிறகு இரண்டு, கடந்த பத்து நாளாக மூன்று. தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று அதிமதுரம் கூடுதலாகப் போட்டு வாங்கியது.

அதிமதுரம். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதிகமாக, நாள்பட உள்ளே போனால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். BP ஏறும், கால் வீங்கும், தசை தளரும். அவர் மாத்திரையில் உள்ள சிறுநீர் மருந்தும் பொட்டாசியத்தைத்தான் வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முதல் வருடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 164/98. கணுக்காலில் பள்ளம். ஆடுசதை. எல்லாவற்றையும் தேதி போட்டு நானே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு ஆவக்காயைத் தேடியிருக்கிறேன்.

டிரிப் போகிறது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நரம்பு எரிகிறதாம்.

டிசம்பர் 18, வியாழன்

பொட்டாசியம் 2.9. BP மாத்திரையை மாற்றிவிட்டார்கள். காலை மடக்கி நீட்ட முடிகிறது. இட்லி இரண்டு.

பக்கத்துக் கட்டிலில் ஓயாமல் இருமுகிற ஒருவர். அவர் மைத்துனர் என்னிடம் வந்து, தேனில் ஊறப்போட்ட பூண்டு தினமும் ஒன்று விழுங்கினால் உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி எதுவுமே வந்திருக்காது என்றார். எந்த மாதிரி என்று அவருக்குத் தெரியாது. அவரை நான் பார்த்த பார்வையில் நகர்ந்து போய்விட்டார். இந்தக் குணம் மட்டும் எனக்குக் குறையவில்லை.

பதினோரு மணிக்குக் கேட்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சா என்ன. நாப்பது நாள் விஷமாக் குடிச்சிருக்கீங்க."

"நீ சிரிக்கறது பழகிடுச்சு பத்மா. நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்ப. யாதகிரி எனக்கு வணக்கம் வெக்கறப்பவே சிரிப்ப அடக்கிக்கிட்டுதான் வெக்கறாரு."

 அவரே தொடர்ந்தார்.

"எனக்கு அந்தப் பொடி மேல பெரிய நம்பிக்கைன்னு நெனைக்காத. ஏதோ ஒண்ணு செய்யணும்ல. நீ கை கழுவு, மாஸ்க் போடுன்னு சொல்லிட்டுப் போயிடற. வாரா வாரம் போய்ப் பாத்துட்டு வந்து, கொட்டாவி விட்டான், காலை ஒதைச்சான்னு சொல்ற. நான் இங்க உக்காந்து அந்த ஞாயித்துக்கெழமைய எண்ணிக்கிட்டு சும்மா இருக்கணும். முடியல."

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஷூ ஸ்டாண்டில், பழைய ஆபீஸ் பிளாஸ்க்கில். நான் வேலைக்குப் போன பிறகு, மதியம், வருவதற்கு அரை மணி முன்.

மூன்று மணிக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நேராக மூன்றாம் மாடி. என்ன பேச வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே தயார். லைசென்ஸ் உண்டா. கேடயம் போட்ட லேபிளுக்கு என்ன அர்த்தம். ஆபத்தில் மாட்டியது ஒரு மனுஷனின் இதயம்.

வசந்தா கதவைத் திறந்தாள். நேற்றிலிருந்து அழுதிருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. நான் ஆரம்பித்தேன். முழுக்கப் பேச விட்டாள். அப்புறம் சொன்னாள்:

"சார்தான் வந்து கேட்டாருக்கா. அக்காக்குத் தெரிய வேணாம்னாரு. அவருக்கு BP இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு பயமா இருந்திச்சு, குடுக்கலாமா வேணாமான்னு. அதுக்குத்தான் அன்னிக்கு லிப்ட்ல உங்கள கேட்டேன். பேர சொல்லாம கேட்டேன். நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க. நீங்க படிச்சவங்க. அதனாலதான் குடுத்தேன்."

"என்னென்ன போடறன்னு சொல்லவே இல்லியே" என்றேன்.

"சொல்ல வந்தேன். நாலாவது அதிமதுரம். திப்பிலி சொல்றதுக்குள்ள நீங்க எறங்கிட்டீங்க."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. சொன்னாள், அவ்வளவுதான். கிச்சனில் பதினெட்டு, இருபது பாட்டில் அடுக்கியிருந்தது. குழுவில் எல்லோருக்கும் போன் செய்து BP இருப்பவர்கள், கர்ப்பிணிகள் குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம். யாரிடம் கேட்டுச் சொன்னாய் என்றேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அந்தச் சின்ன டாக்டரிடம் கேட்டாளாம். என்னிடம் கேட்கவில்லை.

மற்றவற்றையும் ஒரு பேப்பரில் எழுதித் தா, பார்க்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தாள். சித்தரத்தை, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி. சளி வராமல் தடுக்கும் என்று இதில் எதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதையும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் இந்த முறை முழுப் பட்டியலையும் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

டிசம்பர் 19, வெள்ளி

பொட்டாசியம் 3.4. நடக்கிறார், வார்டு முனை வரை. நாளை டிஸ்சார்ஜ்.

டிஸ்பென்சரிக்கு அரை நாள். சார் எப்படி இருக்கிறார் என்று யாதகிரி கேட்டார். என்ன ஆச்சு மேடம் என்றார். என்ன நடந்ததோ அதைச் சொன்னேன், லிப்ட் உட்பட. சிரிக்க இடம் கொடுக்கவில்லை. லிப்டில் சொன்ன அந்தப் பதிலை இதே கவுண்டரில் நின்றுதான் சொல்லிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். அதையும் யாதகிரிக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தேதியை எழுதினார். எழுதிய தேதியையே மறுபடி எழுதினார்.

ஒரு கிழவர், ரயில் பெட்டி செக்‌ஷனில் ரிட்டையர் ஆனவர், பேத்தி கல்யாணத்துக்குள் சளி வரக் கூடாது, ஏதாவது கொடுங்கள் என்றார். வேறென்ன சாப்பிடுகிறீர்கள், வீட்டில் காய்ச்சுவது உட்பட என்று கேட்டேன். பத்து நிமிடம் சொன்னார். பெரும்பாலும் குப்பை. எழுதிக்கொண்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

டிசம்பர் 20, சனி

பொட்டாசியம் 3.7. BP 146/90, இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ்.

காரில் ஏறும்போது தும்மினார். ஒன்று. சிக்னலில் இரண்டு. வீட்டுக்கு வருவதற்குள் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. மூன்று நாள் பக்கத்துக் கட்டில்காரர் இருமியதன் பலன்.

இவர் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லப் போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வாயில் இரண்டு மூன்று கிண்டல்கள் வந்தன. நல்லவையும்கூட. சொல்லவில்லை.

நித்யாவுக்குப் போன் செய்தேன்.  "வேணாம்மா. சாரி. அப்பாட்ட நீயே சொல்லு."

சொன்னேன். "தெரியும்" என்றார். கொஞ்சம் கழித்து, "கீழயாவது நிக்கலாமா, கேளு" என்றார்.

கேட்டேன். நிற்கலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

நல்ல வெயில். பத்தரைக்கு டாக்ஸி. இவர் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. மாஸ்க் இரண்டு. கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, என் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார்.

கிரண் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தான். பத்தடி தள்ளி நின்று பேசினான். சம்பந்தி அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அந்தத் துணி முடிச்சைக் குப்பையில் போட்டதற்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்த்துக்கொள்கிறோம். முடிச்சு முடிச்சுதான். கேட்டுவிட்டு அவிழ்த்திருக்கலாம்.

நித்யா இரண்டாம் மாடி பால்கனிக்கு வந்தாள். வெள்ளைத் துணி மூட்டை. அதிலிருந்து முகம் மட்டும், ஒரு சாத்துக்குடி அளவு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

என் போன் அடித்தது. மேலேயிருந்துதான். "நீயாவது மேல வாம்மா. உனக்கு ஒண்ணும் இல்லல்ல."

"வரல. இங்கயே இருக்கேன்" என்றேன்.

இவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன். குல்லாவைக் கழற்றினார். அப்புறம் மாஸ்க்கையும், இரண்டையும். பத்தடிக்குள் யாருமில்லை, நான் மட்டும். முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை.

குறைமாதத்தில் பிறந்தவன். பத்து வாரம். இந்த வயதில் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. இரண்டு மாடி உயரம் என்பது அவனுக்கு வெறும் வெளிச்சம்.

"பாத்தானா பத்மா? என்னப் பாத்தானா?"

பார்த்தான் என்றேன்.